வட்டி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை

"பேராசையும் பொய்யும் இன்றைய சமூகத்தின் ஒழுக்கத்தை அரித்துவிட்டன என்கிறார்களே, அது உண்மையில் எப்படி நடக்கிறது?" என்பது கேள்வி.

அரசியல், சினிமா, செல்போன் என்று பொதுவாகத் திட்டிவிட்டுப் போகலாம். அதனால் யாருக்கும் எதுவும் விளங்காது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நன்றாக வாழ்ந்த குடும்பங்கள் ஒரே வருடத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: அதிக வட்டி தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்கி மூடிவிட்டு ஓடும் கம்பெனிகள். தமிழ்நாட்டில் இது தலைமுறைதோறும் நடக்கிறது. பெயரும் சரக்கும் மாறும்: தேக்கு மரம், ஈமு கோழி, அந்நியச் செலாவணி, தங்கம், பங்குச்சந்தை. உள்ளே நடப்பது ஒன்றுதான்.

முதலில் கணக்கு. ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற சென்னை நிறுவனம் மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்கியது. 2022 மே மாதம் போலீஸ் சோதனை நடப்பதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியிருந்தது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் கணக்கு. அந்தக் காலத்தில் வங்கி வைப்புநிதிக்கு வருடம் முழுவதற்கும் 5, 6 சதவீதம்தான் கிடைத்தது.

ஒருவர் ஒரு லட்சம் கட்டுகிறார். மாதம் 30,000 ரூபாய். அவர் பணத்திலிருந்தே அவருக்கு மூன்று மாதம் கொடுத்துவிடலாம். நான்காவது மாதம் கையில் 10,000தான் மிச்சம். வருடம் முழுக்கக் கொடுக்க 3,60,000 ரூபாய் வேண்டும். அவர் கட்டிய ஒரு லட்சம் போக, பாக்கிக்கு இன்னும் மூன்று பேராவது சேர வேண்டும். அந்த மூவருக்கும் கொடுக்க ஒன்பது பேர், அப்புறம் இருபத்தேழு பேர். இப்படியே பதினேழாவது படிக்குப் போனால் பன்னிரண்டு கோடிக்கும் மேல் ஆள் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.2 கோடி. ஆகவே இது நொடித்தே தீரும். எந்த மாதம் என்பதில் மட்டும்தான் சந்தேகம்.

இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். பணம் கட்டியவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், என்ஜினீயர்கள் இருந்தார்கள், அரசு ஊழியர்கள் இருந்தார்கள். கணக்குத் தெரியாமல் ஏமாந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க அவர்கள் விரும்பவில்லை. ஒழுக்கம் அரிக்கப்படுவது இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. திருட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கைக்கு வந்த பணம் யாருடையது என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் கட்டியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனிதர், யாரிடமும் பொய் சொன்னதில்லை. கம்பெனி முதல் மாதம் பணம் போட்டது, இரண்டாவது மாதமும் போட்டது. வங்கிக் கணக்கை எடுத்துத் தம்பியிடம் காட்டுகிறார்: "எனக்கு வந்துருக்குடா, பாரு." அது சத்தியமான உண்மை. பத்து விளம்பரத்துக்கு இல்லாத பலம் அந்த ஒரு வாக்கியத்துக்கு உண்டு. ஏனென்றால் முப்பது வருடம் யாரையும் ஏமாற்றாத ஒருவர் அதைச் சொல்கிறார். ஊரில் அவர் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரைக் கம்பெனி பைசா செலவில்லாமல் எடுத்துக்கொள்கிறது. பொய்யை நம்பவைக்க நேர்மையான ஆட்களைத்தான் தேடிப் பிடிப்பார்கள். ரிடையரான தலைமையாசிரியர், முன்னாள் ராணுவ வீரர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், சுய உதவிக்குழுத் தலைவி என்று ஊருக்கு ஒருவர் சிக்கினால் போதும்.

அடுத்தது கமிஷன். ஆள் சேர்த்துவிட்டால் இவ்வளவு சதவீதம், பத்துப் பேருக்கு மேல் சேர்த்தால் 'டீம் லீடர்', அதற்கு மேல் போனால் கார், வெளிநாட்டுப் பயணம், மேடையில் மாலை. இதில் கைமாறுவது பணம் மட்டும் இல்லை. அத்தை வீட்டுக்குப் போகிறோம், காபி குடிக்கிறோம், பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு நடுவே ஸ்கீம் வருகிறது. அதுவரை உறவாக இருந்த அத்தை அன்று மாலைக்குள் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறாள். கமிஷன் வாங்கினேன் என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் அத்தை" என்றுதான் சொல்கிறார்கள். சொல்லும்போது அதைப் பாதி நம்பவும் செய்கிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். முழுப் பொய் சொல்பவனுக்குத் தான் பொய் சொல்வது தெரியும், என்றைக்காவது நிறுத்தவும் கூடும். பாதி நம்பிச் சொல்பவரைத் தடுக்க அவர் மனசாட்சியாலும் முடிவதில்லை.

ஈமு கோழிக் கதை பலருக்கு நினைவிருக்கும். ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் சுசி ஈமு பார்ம்ஸ் என்ற நிறுவனம். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் கம்பெனி தரும். வளர்ப்பதற்கு மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு ஒரு முறை போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும். இடம் இல்லாதவர்களுக்குக் கம்பெனியே தன் பண்ணையில் வளர்த்துப் பணம் தரும் திட்டமும் இருந்தது. டிவியில் நடிகர்கள் வந்து விளம்பரம் செய்தார்கள். கொங்கு நாட்டு விவசாயி கண்மூடித்தனமாகப் பணத்தை விடுபவர் இல்லை. மாட்டை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நிலம் வாங்கினால் மூன்று தலைமுறைப் பத்திரம் கேட்பார். அவரே தன் நிலத்தில் கொட்டகை போட்டார்.

ஈமு இறைச்சியைத் தமிழ்நாட்டில் யார் சாப்பிடுகிறார்கள்? எந்தச் சந்தையில் விற்கிறார்கள்? முட்டைக்கும் எண்ணெய்க்கும் வாங்குபவர் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதிலே இருக்கவில்லை. பெரிதாக விற்றது ஒரே ஒரு சரக்குதான், குஞ்சு. அதை வாங்கியவர் அடுத்துப் பணம் கட்ட வந்த விவசாயி. 2012 ஆகஸ்டில் கம்பெனி நொடித்தது. தீவன லாரி வரவில்லை. ஆயிரக்கணக்கான பறவைகள் பண்ணைகளில் பசியால் கிடந்தன, கால்நடைத் துறை தலையிட்டுத் தீவனம் போட வேண்டியதாயிற்று. நிறுவனத்தை நடத்தியவருக்கு 10 வருடச் சிறைத் தண்டனை வந்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கும் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆயிற்று.

அந்த வருடங்களில் ஊருக்குள் புழங்கிய பேச்சு ஒன்று உண்டு. பணம் கட்டாமல் தள்ளி நின்றவரை "பிழைக்கத் தெரியாத ஆள்" என்றார்கள். தறியிலும் தோட்டத்திலும் கிடந்து மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பவர் தன் வீட்டிலேயே அந்தப் பேச்சைக் கேட்டார். பக்கத்து வீட்டில் உட்கார்ந்த இடத்தில் பணம் வருகிறதே, நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டார், வளர்ந்த மகன் கேட்டான். உழைத்துச் சம்பாதிப்பது ஒருவரின் கையாலாகாத்தனம் என்று ஒரு வீடு நினைக்கத் தொடங்கிவிட்டால், கம்பெனி மூடிய பிறகும் அந்த எண்ணம் போவதில்லை. மகன் அடுத்த ஸ்கீமைத் தேடுகிறான். பணத்தின் நஷ்டத்தைக் கோர்ட்டில் எண்ணிச் சொல்லலாம், இந்த நஷ்டத்தை எந்தக் கோர்ட்டிலும் எண்ண முடியாது.

அப்புறம் கம்பெனி ஆட்டம் காணும் நேரம். இது நான் அதிகம் யோசித்த பகுதி. பணம் வருவது நின்றதும் எல்லோரும் போலீசுக்கு ஓடுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். வாட்ஸ்அப் குழுவில் ஏஜென்ட் எழுதுவார்: "யாரும் புகார் கொடுக்காதீங்க. கணக்கை முடக்கிட்டா உள்ளதும் போயிடும். எம்.டி. அடுத்த மாசம் செட்டில் பண்றேன்னு சொல்லியிருக்கார்." எல்லோரும் சரி என்பார்கள். யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் அவர் துரோகி. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் போட்டதை எதிர்த்து, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக வந்த கூட்டம் அது. அந்த வழக்கில் எது உண்மை என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நான் கவனித்தது கூட்டத்தின் மனநிலையை. விசாரணையே வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானோர் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

புகார் கொடுக்காதே என்பதற்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கம்பெனி இன்னும் மூன்று மாதம் ஓட வேண்டும், அந்த மூன்று மாதத்தில் புதிதாகச் சிலர் வந்து கட்ட வேண்டும், அவர்கள் கட்டும் பணத்தில் என் பணம் எனக்கு வர வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மௌனமாக இருக்கும் ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்கிறார்கள். நேற்று வரை ஏமாந்தவர், இன்று இன்னொருவர் ஏமாறக் காத்திருக்கிறார். ஏமாந்தவருக்கும் ஏமாற்றியவருக்கும் நடுவில் இருந்த கோடு இந்த இடத்தில் அழிகிறது.

கணக்கில் காட்டாத பணத்தைப் போட்டவர்கள் தனி ரகம். அவர்களால் கடைசி வரை புகார் கொடுக்கவே முடியாது. எங்கிருந்து வந்தது என்று வருமானவரித் துறை கேட்கும். முன்பு சொன்ன ஒரு பொய், இப்போது உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் வாயை அடைத்துவிடுகிறது.

அழுகல் மேலேயும் ஏறும். திருப்பூர் பாசி போரெக்ஸ் வழக்கு அதற்குச் சான்று. அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி 2008, 2009ல் சுமார் 930 கோடி ரூபாய் வாங்கிய நிறுவனம் அது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 வருடச் சிறையும், மொத்தம் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. அதே விவகாரத்தில், வழக்கை விசாரிக்க வேண்டிய இடத்தில் இருந்த போலீஸ் அதிகாரிகளே நிறுவனத்தாரை மிரட்டிப் பணம் பறித்தார்கள் என்று சிபிஐ தனியாக ஒரு வழக்குத் தொடுத்தது. பேராசை தொற்றும் என்கிறோமே, அது இப்படித்தான். ஒரு இடத்தில் இவ்வளவு திருட்டுப் பணம் குவிந்தால் காவலுக்கு வருபவருக்கும் அதில் பங்கு கேட்கத் தோன்றுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் இழந்த எல்லோரையும் பேராசைக்காரர்கள் என்று ஒரே தட்டில் வைப்பது பெரிய அநியாயம். 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு என்ற நிதி நிறுவனத்தில் வைப்பு வைத்தவர்கள் மாதம் 30 சதவீதம் கேட்கவில்லை. வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி, நூற்றைம்பது வருடப் பெயர், தாத்தா காலத்திலிருந்து கணக்கு வைத்த பழக்கம், அவ்வளவுதான். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வைப்புப் பணம் திரும்ப வரவில்லை என்று புகார்கள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். அந்த முதியவர்களைப் பார்த்து "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் நம்பியது. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சம்பளம் எட்டாமல், நகையை அடகு வைத்து ஸ்கீமில் கட்டியவர்களையும் நான் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். நெருக்கடியில் இருப்பவரின் ஆசை வேறு, இருப்பதைப் பத்து மடங்காக்கப் பார்ப்பவரின் ஆசை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் குற்றவாளிக்குத்தான் லாபம். "அவங்க ஆசைப்பட்டாங்க, போச்சு" என்று ஊரே சொல்லி முடித்துவிடும், திருடியவரைப் பற்றிய பேச்சு நின்றுவிடும்.

ஆனாலும் முதலில் கட்டி, லாபத்தோடு வெளியேறியவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். ஐந்து லட்சம் கட்டிப் பன்னிரண்டு லட்சம் எடுத்து, நல்ல நேரத்தில் வெளியே வந்துவிட்டதாகச் சந்தோஷப்படுவார்கள். ஊரும் அவர்களைச் சாமர்த்தியசாலி என்கிறது. அந்த ஏழு லட்சம் பின்னால் வந்து கட்டிய யாரோ ஒருவரின் முதல்.

அமெரிக்காவில் இதைச் சட்டம் நேரடியாகக் கையில் எடுத்தது. 2008 டிசம்பரில் பெர்னார்ட் மேடாப் என்பவரின் இதே ரக மோசடி வெளிவந்தது. அவருக்கு 150 வருடச் சிறை. அதோடு விடவில்லை. முதலீட்டாளர்கள் இழந்த பணத்தை மீட்க நியமிக்கப்பட்ட இர்விங் பிகார்ட் என்ற வழக்கறிஞர், போட்டதைவிட அதிகம் எடுத்தவர்கள் மீதும் வழக்குப் போட்டார். அவர்களில் பலருக்கு மோசடி பற்றி எதுவும் தெரியாது. தெரியாமல் வாங்கியிருந்தாலும் அது லாபம் இல்லை, அடுத்தவர் பணம், திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் வாதம். ஜெப்ரி பிகோவர் என்ற ஒரே ஒரு முதலீட்டாளரின் சொத்திலிருந்து மட்டும் 2010ல் 7.2 பில்லியன் டாலர் திரும்ப வந்தது. அவர் இறந்த பிறகு அவர் மனைவி அதற்குச் சம்மதித்தார். இழந்த அசல் சுமார் 17.5 பில்லியன் டாலர் என்று கணக்கிட்டு, அதில் 14 பில்லியனுக்கு மேல் மீட்டிருக்கிறார்கள். இதை ஒரு வசூல் வெற்றியாக மட்டும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 'எனக்கு வந்த வட்டி யாருடைய பணம்?' என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்ளாதபோது, அந்தக் கேள்வியைச் சட்டம் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டது. நம் ஊரிலும் ஏஜென்டுகள் வாங்கிய கமிஷனையும், முன்னால் வெளியேறியவர்கள் எடுத்த கூடுதல் பணத்தையும் இதே கண்டிப்போடு திரும்ப வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

"அந்தக் காலத்தில் இப்படி இல்லை, மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். 1906 அக்டோபரில் சென்னையில் மக்களிடம் டெபாசிட் வாங்கி வங்கித் தொழில் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தது. அன்றைய மதராஸின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பொய்யும் பேராசையும் அன்றும் இருந்தன. அந்த அடியிலிருந்து ஊர் என்ன செய்தது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களே பொறுப்பேற்று நடத்தும் ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பினார். செட்டியார்களும் மற்றவர்களும் சேர்ந்து 1907ல் இந்தியன் வங்கியை ஆரம்பித்தார்கள். அது இன்றும் நடக்கிறது. நம்பிக்கை உடைந்த இடத்தில், நம்பத் தகுந்த ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள்.

நாமும் சும்மா இருக்கவில்லை. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் விழுந்தபோது தமிழ்நாடு 1997ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கின்றன. வேகம்தான் போதவில்லை. பெருந்துறையில் ஏமாந்தவர்களில் வயதானவர்கள் பலர் தீர்ப்பைப் பார்க்க இருந்திருக்க மாட்டார்கள். தண்டனை இவ்வளவு தாமதமாக வந்தால், வேலூரில் ஒருவர் ஐ.எப்.எஸ். என்று நிதி நிறுவனப் பலகை வைக்கும்போது அவருக்குப் பயம் எங்கிருந்து வரும்? அந்த நிறுவனம் சுமார் 6,000 கோடி ரூபாய் திரட்டியது என்கிறது போலீஸ்.

ஊருக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேராத இரண்டு சட்டங்கள் உண்டு. 1978ம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், ஆள் சேர்த்துப் பணம் பண்ணும் திட்டத்தை நடத்துவதோடு அதில் உறுப்பினராகச் சேர்வதையும் தடை செய்கிறது. 2019ம் ஆண்டின் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில், இப்படிப்பட்ட டெபாசிட்டைக் கேட்டு ஆள் பிடித்தாலே ஒரு வருடம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. அத்தையிடம் "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொன்னவரையும் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கக்கூடும். இது குடும்பங்களுக்குள் தெரிந்தால் பாதிப் பேர் வாயைத் திறக்க யோசிப்பார்கள்.

பணம் கட்டுபவர் பக்கம் ஒரு பழக்கம் வர வேண்டும். யார் வந்து ஸ்கீம் சொன்னாலும், அவர் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வட்டியை எந்த வியாபாரத்தில் சம்பாதித்துத் தருகிறார்கள்? டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியோ வேறு எந்த அமைப்போ அனுமதி கொடுத்திருக்கிறது? என்னைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், உறவு முறியுமோ என்று பயம் வரும். பணம் போன பிறகு முறிந்த உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியால் முறிந்த உறவு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவராக இருந்தால், பணம் வந்துகொண்டிருந்தாலும் இன்றே உங்கள் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். பாண்டு பேப்பர், ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், ஏஜென்ட் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு போங்கள். குழுவில் இருப்பவர்கள் திட்டுவார்கள். நீங்கள் போகிற அன்று கம்பெனியின் கணக்கில் இருக்கும் பணம், அடுத்த மாதம் போனால் இருக்காது.